‘உன் கண்ணீர் வற்றிவிட்டால், என் தேசமே’: ஒரு பிலிப்பினோ தேசபக்திக் கவிதையின் அணிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கவிதை இது? யார், எப்போது எழுதியது?

தகாலோக் மொழியில் இதன் தலைப்பு ‘குங் துயோ நா ஆங் லுஹா மோ, ஆக்கிங் பாயான்’. ‘உன் கண்ணீர் வற்றிவிட்டால், என் தேசமே’ என்று சொல்லலாம். எழுதியவர் அமாதோ வி. ஹெர்னான்தெஸ் (1903–1970). பத்திரிகையாளர், தொழிற்சங்கத் தலைவர், கவிஞர். இறந்த பிறகு, 1973இல், இலக்கியத்துக்கான தேசியக் கலைஞர் என்ற பட்டம் இவருக்கு வழங்கப்பட்டது.

கவிதை எழுதப்பட்ட ஆண்டு 1930. அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. 333 ஆண்டுக்கால ஸ்பெயின் ஆட்சி முடிந்த கையோடு வந்த அடுத்த எசமானர்கள் அவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அணிகள் தாமாகவே விளங்கும்.

மொழி தெரியாம அணி எப்படிப் பார்க்கிறது? முதல்ல கவிதை என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லுங்க.

ஐந்து பத்திகள், பத்திக்கு ஆறு வரிகள், மொத்தம் முப்பது வரிகள். முதல் பத்தியில் கவிஞர் தேசத்தை அழச் சொல்கிறார்: உன் கொடியை அந்நியக் கொடி மூடியிருக்கிறது, உன் மொழி வேறொரு மொழிக்கு அடிமை, இதே போன்றதொரு ஆகஸ்ட் 13இல்தான் மணிலாவைப் பறித்தார்கள். இரண்டாம் பத்தியில், அவர்கள் செருக்கோடு கொண்டாடுகையில் நீ அழு. நீ ஹூலியைப் போன்றவள், சீசாவைப் போன்றவள் (இருவரும் நாவல் பாத்திரங்கள், பின்னால் பார்ப்போம்). தடுக்க வலுவில்லை, எதிர்க்கத் துணிவில்லை. மூன்றாவதில், உன் செல்வம் எல்லாம் கை கையாக அள்ளப்பட்டுத் தீர்ந்தது. உன் நிலத்தைப் பார், அந்நியப் படை காவல் நிற்கிறது. உன் கடலைப் பார், அந்நியக் கப்பல்.

நான்காவது பத்தி முழுக்க ‘இப்படி ஆனால்’ என்ற நிபந்தனைதான். நெஞ்சில் இலட்சியம் மறைந்துவிட்டதானால், வானத்துச் சூரியன் என்றைக்கும் அந்தியிலேயே நின்றுவிட்டதானால், அலை எழ மறுத்தால், நெஞ்சின் எரிமலை முனகக்கூட இல்லையானால், விழித்திருக்க யாருமே இல்லையானால், அழுதுகொண்டே இரு, உன் விடுதலை பிணமாகக் கிடத்தப்பட்டிருக்கிறது. ஐந்தாவதில் திருப்பம்: ஒருநாள் உன் கண்ணீர் வற்றும். வீங்கிய கண்ணிலிருந்து கண்ணீருக்குப் பதில் இரத்த நிற நெருப்பு வழியும். உன் இரத்தம் கொதிக்கும் எஃகாகும். ஆயிரம் தீப்பந்தங்களின் சுடரில் நீ முழங்குவாய். பழைய சங்கிலியைத் தோட்டாவால் அறுப்பாய்.

தமிழில் எழுதிய தகாலோக் சொற்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. ‘பாயான்’ என்பதன் முதல் ஒலி ‘பாரதம்’ என்பதில் வருவது, ‘பால்’ என்பதில் வருவதில்லை. அந்தச் சொல்லுக்கு ஊர், மக்கள், நாடு என்று மூன்று பொருளும் உண்டு.

அணிக்கு அவங்க மொழியில என்ன சொல்வாங்க? நம்ம அணி வகைகளோட பொருந்துமா?

பொதுப்பெயர் ‘தயூத்தாய்’. உவமைக்கு ‘பக்துதுலாட்’, உருவகத்துக்கு ‘பக்வவாங்கிஸ்’, மனிதனல்லாததை மனிதனாக்குவதற்கு ‘பக்சசதாவ்’, விளித்துப் பேசுவதற்கு ‘பக்தாவாக்’, மிகைப்படுத்தலுக்கு ‘பக்மமலாபிஸ்’. பள்ளிப் பாடத்தில் இந்தப் பெயர்களோடுதான் கற்பிக்கிறார்கள்.

உவமையும் உருவகமும் தமிழோடு நேராகப் பொருந்தும். மற்றவை அப்படியில்லை. ஒன்றைச் சொல்லி அதோடு தொடர்புடைய இன்னொன்றைக் குறிப்பதை அவர்கள் அணிகளில் சேர்க்கிறார்கள். தமிழில் அது ஆகுபெயராக இலக்கணத்துக்குள் போய்விடும். மனிதனாக்குதலுக்குத் தனி அணி நம்மிடம் இல்லை, அதன் ஒரு பகுதி உருவகத்திலும் இன்னொரு பகுதி தற்குறிப்பேற்றத்திலும் இருக்கிறது. அதனால் தமிழ்ப் பெயரை வலிந்து ஒட்டாமல், பொருந்துமிடத்தில் மட்டும் வைப்பதுதான் சரி.

முதல் வரியிலேயே நாட்டைக் கூப்பிட்டுப் பேசுறாரே, அது என்ன அணி?

‘லுமுஹா கா, ஆக்கிங் பாயான்’, அதாவது ‘நீ அழு, என் தேசமே’. இது விளித்தல், அவர்கள் சொல்லும் பக்தாவாக். பதில் சொல்ல இயலாத ஒன்றை எதிரே நிறுத்திப் பேசுவது. அழு என்று சொன்ன கணத்தில் அதற்குக் கண்ணும் கண்ணீரும் வந்துவிடுவதால் மனிதனாக்குதலும் கூடவே நிகழ்கிறது. இரண்டையும் எழுத வேண்டும்.

‘கா’, ‘மோ’ என்ற முன்னிலைச் சொற்கள் கவிதை முழுக்க ஒருமையில், மரியாதைச் சேர்க்கையில்லாமல் வருகின்றன. நெருங்கியவரிடம் பேசுகிற ‘நீ’. மொழிபெயர்ப்பில் ‘நீங்கள்’ என்றோ ‘தாங்கள்’ என்றோ போட்டால் விளித்தல் மேடைப் பேச்சாகிவிடும்.

அப்போ ‘தாய்நாடே’ன்னு மொழிபெயர்க்கலாம்தானே?

வேண்டாம். தமிழில் இந்தக் கவிதையைத் தொடுகிறவர்கள் அதிகம் செய்கிற பிழை இது. நாடு என்றதும் தாய் என்று கை எழுதிவிடுகிறது. ஆனால் இந்த முப்பது வரிகளில் ‘இனா’ (தாய்) என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

தாய்நாடு என்ற உருவகம் அந்த மொழியில் இல்லாமலில்லை. ஆந்திரேஸ் போனிபாசியோ 1896இல் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த காத்திப்பூனான் புரட்சி இயக்கத்தின் ‘கலாயாஆன்’ இதழுக்கு எழுதிய தேசபக்திக் கவிதையில் ‘இனாங் பாயான்’, அதாவது தாய்த்தேசம், வெளிப்படையாக வருகிறது. அங்கே பேச்சு பிள்ளைகளை நோக்கியது, தாயைக் காப்பாற்ற வாருங்கள் என்பது. ஹெர்னான்தெஸ் பேசுவது தேசத்திடமே. அழுவதும் அதுதான், கடைசியில் சங்கிலியை அறுப்பதும் அதுதான். அவளைத் தாயாக்கினால் மீட்கிற வேலை பிள்ளைகளுக்குப் போய், கடைசிப் பத்தி குலைந்துவிடும்.

கொடியும் மொழியும் வர்ற வரிகள்ல என்ன அணி?

கொடி வரியில் இருப்பது ஆகுபெயர். ஒரு கொடி பிலிப்பைன்ஸைக் குறிக்கிறது, இன்னொன்று அமெரிக்காவை. அதில் ‘லுகோப்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒன்றின் மறைவுக்குள் அடக்கப்பட்ட நிலை அது. காப்பதாகச் சொல்லி மூடுவதற்கும் பொருந்தும். அந்நிய ஆட்சி தன்னைப் பாதுகாவலன் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் இது சாதாரணச் சொல்லன்று. வரலாறும் துணை நிற்கிறது: 1907இல் வந்த கொடிச் சட்டம் பிலிப்பினோ கொடியைப் பறக்கவிடுவதையே தடை செய்தது. 1919இல்தான் அது நீங்கியது. அதன்பின் அமெரிக்கக் கொடியோடு சேர்த்தே பறந்தது.

மொழி வரியில் ‘புசாபோஸ் நாங் இபாங் விகா’ என்கிறார், வேறு மொழியின் அடிமை. அடிமைத்தனம் மனிதருக்கு உரியது, ஆகவே மனிதனாக்குதல். 1901 முதல் பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியானதுதான் பின்னணி. மணிலா பறிபோன வரியில் நகரம் நாடு முழுவதையும் குறிக்கிறது, பகுதி முழுமைக்கு ஆகி வருவது. ‘சக்லுதின்’ என்ற வினை வன்மையாகப் பற்றிப் பறிப்பது. கைப்பற்றினார்கள் என்று மொழிபெயர்த்தால் அரசாங்க அறிக்கை போல ஆறிப்போகும்.

ஆகஸ்ட் 13க்கு அவ்வளவு என்ன முக்கியம்?

1898 ஜூன் 12 அன்று காவிட் ஊரில் பிலிப்பினோக்கள் விடுதலையை அறிவித்துவிட்டார்கள். மணிலாவைச் சுற்றிவளைத்தும் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று ஸ்பெயின் அதிகாரிகளும் அமெரிக்கத் தளபதிகளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரு போலிச் சண்டை நடத்தி, நகரத்தை அமெரிக்கர் கையில் ஒப்படைத்தார்கள். பிலிப்பினோ படையை மதிலுக்குள்ளே விடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று பாரிஸ் உடன்படிக்கையில் நாடு 2 கோடி டாலருக்குக் கைமாறியது.

அமெரிக்க ஆட்சியில் ஆகஸ்ட் 13 அரசு விடுமுறை நாளாகவே இருந்தது. ஆகவே இரண்டாம் பத்தியில் ‘அவர்கள் செருக்கோடு கொண்டாடுகையில்’ என்பது கற்பனை வரி இல்லை. தெருவில் விழா நடக்கும் அதே நாளில் அழச் சொல்கிறார்.

ஹூலி, சீசா யாரு? அந்த வரிகள் உவமையா, உருவகமா?

இருவரும் பிலிப்பினோ எழுத்தாளர் ஹொசே ரிசாலின் நாவல்களில் வரும் பெண்கள். சீசா, 1887இல் வெளிவந்த ‘நோலி மே தாங்கெரே’யில் வருபவள். கோவிலில் வேலை செய்த அவள் பிள்ளைகள் இருவர்மீதும் திருட்டுப் பழி விழுகிறது, சிறியவனை இழக்கிறாள், சித்தம் கலங்குகிறது. ஹூலி, 1891இல் வந்த ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’வில் வருபவள். கொள்ளையர் கடத்திய தந்தையை மீட்கப் பணம் வாங்கி, அதற்கு ஈடாக ஒரு வீட்டில் வேலைக்காரியாகப் போகிறாள். சீசாவின் மூத்த மகன் பசிலியோதான் ஹூலி காதலிப்பவன். ஆக, கவிஞர் எடுத்த இரண்டு பெயர்களும் ஒரே குடும்பத் துயரத்தின் இரண்டு தலைமுறை.

‘கத்துலாட் மோ ஆய் சி ஹூலி’. ‘கத்துலாட்’ என்பது ‘போன்ற’ என்கிற உவம உருபு, ஆகவே உவமைதான். நாவல் பாத்திரத்தைத் தொட்டுக்காட்டுவதால் இலக்கியச் சுட்டும் சேர்கிறது. ஒரு நுட்பம் உண்டு: சொல் அமைப்பின்படி ‘உன்னைப் போன்றவள் ஹூலி’ என்றுதான் வருகிறது. வழக்கமாக உவமையாக நிற்க வேண்டியவள் இங்கே பொருளாக நிற்கிறாள். தண்டியலங்காரம் விபரீத உவமை என்று சொல்வதற்கு இது பக்கத்தில் வருகிறது. ஆனால் தகாலோக் மொழியில் இந்த வரிசை இயல்பானதே, அதனால் அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டாம்.

ஹூலியைக் ‘கடனுக்கு ஈடான அடிமை’ என்று சொல்வதில்தான் உவமையின் உயிர் இருக்கிறது. விலை பேசி நாடு கைமாறியதை முந்தைய பதிலில் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

‘சிறியவனின் கல்லறை’ன்னு ஒரு வரி வருதே. அதுல சொல் விளையாட்டு இருக்குன்னு சொல்றாங்க, எங்கே?

வரி இது: ‘சா லிபிஙான் நாங் மலீட், ஆங் மலகீய் மாய் லிபாஙான்’. ‘லிபிஙான்’ கல்லறை, ‘லிபாஙான்’ கேளிக்கை. நடுவில் ஒரே ஒரு உயிரொலிதான் மாறுகிறது. சிறியவனின் கல்லறையில் பெரியவனுக்குக் கேளிக்கை.

‘மலீட்’ (சிறியது), ‘மலகி’ (பெரியது) இரண்டும் எதிர்ச்சொற்கள், ஆகவே முரண். கல்லறையும் கேளிக்கையும் பொருளில் முரண், ஒலியில் இரட்டை. வரியை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று படியும். இந்தக் கவிதையில் அணிக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு கேட்டால் இந்த வரியைக் கொடுங்கள். நம் சிலேடையோடு மட்டும் குழப்பிவிடாதீர்கள்: சிலேடையில் ஒரே சொல் இரண்டு பொருள் தரும், இங்கே இரண்டு சொற்கள்.

‘எதிர்க்கத் துணிவில்லை’ன்னு தன் நாட்டையே திட்டுறாரே, இது இகழ்ச்சி அணியா?

இல்லை. புகழ்வதுபோல இகழ்ந்தால் வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லலாம். இங்கே சொன்னதும் எண்ணியதும் ஒன்றே. ‘வாலாங் லகாஸ்… வாலாங் தாபாங்’ (வலுவில்லை, துணிவில்லை) என்று இரு பாதியும் ஒரே சொல்லில் தொடங்குவதால் அடுக்கு. ‘துமதக்ஹோய், துமதாங்ஙிஸ்’ (ஓலமிடுகிறாய், விம்முகிறாய்) என்று அடுத்த வரியின் இரு பாதியும் ஒரே ஒலியில் தொடங்குவதால் மோனை. கொல்லும்போது ஓலம், கொள்ளையடிக்கும்போது விம்மல். அன்புள்ளவன் உலுக்குகிற உலுக்கல் அது.

மூணாவது பத்தியில படையும் கப்பலும் வருதே, அது எதோட உருவகம்?

எதனுடைய உருவகமும் இல்லை. 1930இல் நிலத்தில் அமெரிக்கப் படை இருந்தது, மணிலா விரிகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நின்றன. கண்ணால் கண்டதைச் சொல்கிறார். ஒவ்வொரு வரியிலும் ஒரு அணியைப் பிடித்தே ஆகவேண்டும் என்று கிளம்பினால் இந்த இடத்தில்தான் சறுக்கும். அணி இல்லாததே இந்த வரிகளின் பலம், இவை சாட்சி சொல்கின்றன.

அமைப்பில் அணி இருக்கிறது. ‘மஸ்டான் மோ ஆங் இயோங்…’ (உன்னுடைய … பார்) என்று இரண்டு வரிகள் தொடங்குகின்றன, முதலில் நிலம், பிறகு கடல். அதற்கு முந்தைய இரண்டு வரிகள் ‘ஆங் லஹாட் மோங்…’ (உன் எல்லா …) என்று தொடங்குகின்றன. அதே பத்தியில் ‘பம்பஹீராப் – பம்பலுசோக்’ என்ற முரண் இணையும் உண்டு: உனக்கு வதைக்கும் பொருள், அந்நியனுக்கு உடல் தேற்றும் பொருள். முன்னொட்டு ஒன்று, விளைவு எதிரெதிர்.

நாலாவது பத்தியில ‘சூரியன் என்றும் அந்தியிலேயே’ன்னு வருதே. நாடு அழிஞ்சுபோச்சுன்னு சொல்றாரா?

சொல்லவில்லை. ‘குங்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தால்தான் அப்படித் தோன்றும். ‘குங்’ நிபந்தனை: ‘இப்படி ஆனால்’, ‘ஆகும்போது’. முதல் ஐந்து வரிகளிலும் அது வருகிறது, அவற்றில் நான்கு வரிகளின் தொடக்கமே அதுதான். இது அடுக்கு அணி. அடுக்க அடுக்க நிபந்தனை இறுகுகிறது. இலட்சியம் போய்விட்டதா, சூரியன் சாய்ந்துவிட்டதா, அலை படுத்துவிட்டதா, எரிமலை அடங்கிவிட்டதா? அப்படியானால் அழு. கேட்கிறவள் மனதுக்குள் ‘இல்லையே’ என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி வரிசை.

சூரியன், அலை, எரிமலை மூன்றிலும் எது எதற்கு ஈடு என்று கவிஞர் சொல்லவில்லை. நம்பிக்கையின் சூரியன், கோபத்தின் எரிமலை என்றெல்லாம் வரவில்லை. ‘உன் நெஞ்சின் எரிமலை’ என்று மட்டும்தான். பொருளை மறைத்து உவமையை மட்டும் நிறுத்துவதால் தமிழில் இது உருவகத்தைவிட ஒட்டணிக்கு, அதாவது பிறிதுமொழிதலுக்கு, நெருக்கம். அந்த நாட்டில் எரிமலை தூரத்துப் பொருளும் அல்ல. 1911 ஜனவரியில் தால் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதைப் பார்த்த தலைமுறைதான் இதை முதலில் படித்தது. முனகாத எரிமலை அணைந்த எரிமலை ஆகிவிடாது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அலை ‘எழ மறுக்கிறது’ – தற்குறிப்பேற்ற அணிதானே?

இல்லை. தற்குறிப்பேற்றம் என்றால் இயல்பாக ஒன்று நடக்க வேண்டும். கவிஞர் அதற்குத் தன் காரணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். இங்கே கடல் அடங்கியதாக யாரும் சொல்லவில்லை, அடங்கினால் என்ற நிபந்தனைதான். காரணமும் ஏற்றப்படவில்லை. ‘அயாவ்’ (விருப்பமில்லை, மாட்டேன்) என்ற ஒரே சொல் அலைக்கு மனம் கொடுக்கிறது. மனிதனாக்குதல் என்று எழுதினால் போதும்.

‘விடுதலை பிணமாகக் கிடக்கிறது’ன்னா விடுதலை செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?

கடைசிச் சொல் ‘நகபுரோல்’. புதைப்பதற்கு முன்பு உடலை வீட்டில் மக்கள் பார்வைக்குக் கிடத்தி வைத்திருக்கும் நிலை. விடுதலையை உடலாக்கியிருப்பதால் மனிதனாக்குதல்.

இந்தச் சொல்லைத் தனியாகப் பார்க்காமல் முந்தைய வரியோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே ‘மக்லலாமாய்’ என்று வருகிறது, இரவு விழித்திருத்தல். தகாலோக் வழக்கில் அது இறந்தவர் அருகே விழித்திருப்பதையும் குறிக்கும், இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்வதையும் குறிக்கும். எழுச்சியின் இரவில் விழித்திருப்பவர் ஒருவர்கூட இல்லையா என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியில் உடல் கிடக்கிறது என்கிறார். அதே விழிப்பு துக்கத்துக்கும் ஆகும், வேலைக்கும் ஆகும். இரண்டாம் பத்தியில் கல்லறை வந்துபோனது. இங்கே இன்னும் புதைக்கவில்லை. அடுத்த பத்தி பிறக்க அந்த இடைவெளி போதும். ‘விடுதலை புதைந்தது’ என்று மொழிபெயர்த்தவர்கள் இதை அடைத்துவிட்டார்கள்.

கடைசிப் பத்தியில கண்ணீர், நெருப்பு, இரத்தம், எஃகு எல்லாம் கலந்து வருதே. கலப்பு உருவகம்னு குறை சொல்லலாமா?

கலப்பு என்றால் ஒன்றோடொன்று இடிக்க வேண்டும். இங்கே ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. கண்ணீர் வற்றுகிறது, அதே கண்ணிலிருந்து நெருப்பு ‘டடாலோய்’, வழியும். நீருக்குரிய வினையை நெருப்புக்குக் கொடுத்திருக்கிறார், பாதை மாறவில்லை, பாய்வது மாறுகிறது. அந்த நெருப்பின் நிறம் இரத்தம். இரத்தம் என்றதும் அடுத்த வரியில் உடலுக்குள்ளிருக்கும் இரத்தம் ‘அசேரோங் குமுகூலோ’, கொதிக்கும் எஃகு. எஃகை உருக்க நெருப்பு வேண்டும், அது முந்தைய வரியிலேயே வந்துவிட்டது. உருகிய எஃகு எதற்கு? கடைசி வரியில் தோட்டா வருகிறது. நீர், தீ, உலோகம், ஆயுதம் என்று படிப்படியான வரிசை.

‘உன் இரத்தம் கொதிக்கும் எஃகு’ என்பதில் பொருளும் உவமையும் இரண்டுமே நிற்கின்றன, உருபு இல்லை. கவிதையின் மிகத் தெளிவான முழு உருவகம் அதுதான். நெருப்பு வந்த பிறகு ‘லுஹா’ என்ற சொல் கவிதையில் மறுபடி வரவேயில்லை.

இன்னொன்று: பத்தியின் முதல் இரு வரிகளும் ‘மாய் ஆராவ் டிங்’ என்று தொடங்குகின்றன, ‘ஒரு நாள் வரத்தான் செய்யும்’. ‘ஆராவ்’ என்பது நாளும்தான், சூரியனும்தான், நம் ‘ஞாயிறு’ கதிரவனையும் கிழமையையும் குறிப்பதுபோல. முதல் பத்தியில் பறிபோன நாள் ஆராவ், நான்காவதில் அந்தியில் நின்ற சூரியன் ஆராவ், ஐந்தாவதில் வரப்போகும் நாளும் ஆராவ்.

ஓசையில என்ன இருக்கு? எதுகை, மோனை தேடினேன், கிடைக்கலை.

வரித் தொடக்கத்தில் தேடியிருப்பீர்கள். அவர்கள் மரபில் ஒலி ஒப்புமை வரியின் கடைசியில், நம் இயைபுத் தொடை போல. அளவு வரிக்கு 16 அசை, எட்டாவது அசைக்குப் பின் ஒரு நிறுத்தம். அசை என்றால் இங்கே ஓர் உயிரொலி. நேரசை, நிரையசைக் கணக்கு வேண்டாம். முதல் வரியை எண்ணிப் பாருங்கள்: லு-மு-ஹா-கா, ஆக்-கிங்-பா-யான் (8), பூ-ஓங்-லுங்-கோட், மோங்-இ-லு-ஹா (8).

பத்தி முழுக்க ஒரே இயைபு. மூன்றாம் பத்தி வரிகள் நக்தலாகோப், பம்பலுசோக், நாஉபோஸ், நதாபோஸ், நகதானோட், லாஓட் என்பது போல முடிகின்றன. கடைசி மெய் ஒன்றாக இல்லையே என்று தோன்றும். ‘ஓ’ உயிரும் அதன்பின் வல்லோசை மெய்யும் இருந்தால் இயைபு என்பது அவர்கள் விதி. நான்காம் பத்தியில் அதே ‘ஓ’வுக்குப் பின் மெல்லோசை மெய்கள் வருகின்றன: லாயோன், டபிட்ஹாபோன், மக்டலூயோங், உமுஉங்ஙோல்.

முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் காதுக்கு இன்னும் சுவையானவை. இரண்டிலும் வரிகள் உயிரில் முடிந்து தொண்டையில் ஒரு சிறு அடைப்போடு நிற்கின்றன. முதல் பத்திச் சொற்களில் (இலுஹா, கவாவா, பண்டிலா, விகா, லாயா, மய்னிலா) அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில், அதனால் வரி சரிந்து அடங்குகிறது. கடைசிப் பத்தியில் (மதுதுயோ, நமுமுக்தோ, டுகோ, குமுகுலோ, சுலோ, புங்லோ) அழுத்தம் கடைசி அசையில். ஒவ்வொரு வரியும் வெட்டென்று முடிகிறது. அழுகை உறுதியாக மாறுவதை அகராதி இல்லாமலே கேட்கலாம்.

தமிழாக்கத்தில எது தப்பிக்கும், எது போயிடும்?

உவமை, உருவகம், விளித்தல், மனிதனாக்குதல் நன்றாகவே வரும். ஒலியைச் சார்ந்தவை நழுவும். இரண்டாவது வரியில் ‘கவாவாங் கபலாரான்… லுபாயின் மோங் கவாவா’ என்று பெயருக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை ‘பாவப்பட்ட’ வந்து வரியை இரு பக்கமும் அணைக்கிறது. தமிழில் பெயரடை முன்னால்தான் நிற்கும். ‘பாவப்பட்ட விதி, உன் மண்ணும் பாவம்’ என்று பயனிலையாக்கினால் ஓரளவு கிடைக்கும்.

லிபிஙான்–லிபாஙான் இணைக்குக் ‘கல்லறை – களியாட்டம்’ என்று மோனையாவது காப்பாற்றுங்கள். ‘லுமுஹா’ (அழு), ‘இலுஹா’ (இன்னதைக் கண்ணீராகக் கொட்டு) இரண்டும் ஒரே வேர். முன்னதற்கு ‘அழு’, பின்னதற்கு ‘அழுது தீர்’ பொருந்தும். கடைசிப் பத்தியின் எதிர்கால வினைகள் முதல் அசையை இரட்டித்து வருபவை: ம-ச-சாஇட், ட-டாலோய், சி-சிகாவ், ல-லகுதின். தமிழின் ‘-வாய்’ விகுதி அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

ஒரே வரிக்கு ரெண்டு மூணு அணி சொல்ல முடியுதே, விடை எழுதும்போது எதை எழுதுறது?

முதலில் உருபைத் தேடுங்கள். கத்துலாட், துலாட் நாங், பாராங், கயா நாங் போன்ற சொல் இருந்தால் உவமை, அதற்குமேல் விவாதம் இல்லை. உருபு இல்லையானால் இரண்டாவது கேள்வி: ஒப்பிடப்படும் பொருளின் பெயர் வரியில் இருக்கிறதா? இருந்தால் உருவகம் (இரத்தம் – எஃகு). இல்லையானால், மேலே எரிமலைக்குச் சொன்னதுதான். மூன்றாவது, வினைச்சொல் யாருக்கு உரியது? மனிதருக்குரிய வினை அலைக்கோ மொழிக்கோ போயிருந்தால் மனிதனாக்குதல்.

பிறகு அந்த அணியை எடுத்துவிட்டு வரியைச் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். எது காணாமல் போகிறதோ அதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதி நிறுத்துகிற விடைகள்தான் அதிகம். ‘ஆயிரம் தீப்பந்தம்’ என்றால் மிகைப்படுத்தல் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நான்காம் பத்தியில் விழித்திருக்க ஒருவரும் இல்லையா என்று கேட்ட இரவுக்கு வந்த பதில் அந்த ஆயிரம் என்று ஒரு வரி சேர்த்தால் விடை முழுமையாகும்.

இதைச் சிறையில எழுதினார்னு படிச்சேன், சரியா?

தவறு. ஹெர்னான்தெஸ் 1951இல் கைதாகிச் சில ஆண்டுகள் சிறையில் இருந்தார், 1964இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சிறைக் கவிதைகள் அவருக்கு உண்டு. இது அவற்றுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முந்தையது. ‘சங்கிலி’யைச் சிறைச் சங்கிலியாகப் படிக்கிறவர்கள் இந்தக் குழப்பத்தில்தான் விழுகிறார்கள்.

கடைசி வரியில சங்கிலி உருவகம்னா, தோட்டாவும் உருவகம்தானே?

‘லுமாங் தனிகாலாய் லலகுதின் மோ நாங் புங்லோ’, பழைய சங்கிலியைத் தோட்டாவால் அறுப்பாய். சங்கிலி அடிமைத்தனத்தைக் குறிப்பது, அதில் ஐயமில்லை. ‘பழைய’ என்ற அடை, அமெரிக்கருக்கு முன்பே ஸ்பெயின் பூட்டியதையும் சேர்த்துச் சொல்கிறது.

தோட்டாவை எழுத்தின் வலிமை, ஒற்றுமையின் வலிமை என்று மென்மையாக்கிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கவிதை அதற்கு இடம் தரவில்லை என்பதே எங்கள் கருத்து. இரத்தம் எஃகாகி, எஃகு கொதித்து வந்த வரிசையின் முடிவில் நிற்பது அது. ஆயுதப் போராட்டத்துக்கு ஆகுபெயர் என்று எழுதுங்கள், ஆனால் உள்ளே இருக்கும் உண்மையான தோட்டாவைக் கழற்றிவிடாதீர்கள். ‘லலகுதின்’ எதிர்காலம், செய்பவள் ‘மோ’, அதாவது நீ. முதல் வரியில் அழு என்று சொல்லப்பட்ட அதே நீ. ‘புங்லோ’ கவிதையின் கடைசிச் சொல், அழுத்தம் கடைசி அசையில். மொழிபெயர்ப்பிலும் வரியை எப்படியாவது திருப்பி அந்தச் சொல்லிலேயே முடிக்கப் பாருங்கள்: ‘பழைய சங்கிலியை நீ அறுப்பாய், உன் கையில் தோட்டா.’